கரை மாறும் சொற்கள் – 14: படுக்கையருகே ஒரு சொல்

1973-ஆம் ஆண்டு, கனடாவின் மொன்றியல் நகரத்து ராயல் விக்டோரியா மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர் லண்டனுக்குப் போனார். பால்ஃபர் மவுண்ட் என்று பெயர். சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய்களுக்கு அறுவை செய்பவர். இனிக் குணமாகாது என்று தெரிந்துவிட்ட நோயாளிகளை மருத்துவமனை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் திறந்திருந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸில் அதற்கு ஒரு விடை இருந்தது. வலி தலைதூக்கும் முன்பே மருந்து கொடுத்தார்கள். குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொண்டார்கள். பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மவுண்ட், அதையே தன் மருத்துவமனைக்குள் ஒரு பிரிவாகத் தொடங்க நினைத்தார்.

இடறியது பெயர்தான்.

மொன்றியலில் பெரும்பான்மையோர் பேசுவது பிரெஞ்சு. ஆங்கிலத்தில் ‘ஹாஸ்பிஸ்’ என்று எழுதும் அதே எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் ‘ஒஸ்பீஸ்’ என்று வாசிப்பார். மொழிபெயர்க்கவே வேண்டாம், ஒரு எழுத்துக்கூட மாறாது. ஆனால் பிரெஞ்சுக் காதில் அந்தச் சொல்லுக்கு வேறு பழைய நினைவு உண்டு. போக்கிடம் இல்லாத ஏழைகளையும், பார்க்க ஆளில்லாத கிழவர்களையும் கொண்டுபோய் விடும் இடம்தான் ஒஸ்பீஸ். நம் ஊரில் ஒரு காலத்தில் ‘தர்மாஸ்பத்திரி’ என்று சொன்ன தொனியை நினைத்துக்கொள்ளுங்கள். “அப்பாவைத் தர்மாஸ்பத்திரியில் போட்டுட்டாங்களாம்” என்று ஊர் பேசினால் எந்தப் பிள்ளை தாங்கும்? அந்தப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு, ‘இங்கே உங்கள் தாயைக் கண்ணியமாகப் பார்த்துக்கொள்வோம்’ என்று ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் சொல்ல முடியாது.

மவுண்ட் வேறு சொல் தேடினார். இரண்டு மொழிகளிலும் உள்ள ‘பாலியேட்டிவ்’ என்ற சொல்லை எடுத்தார். நோயை ஒழிக்காமல் அதன் வேதனையைத் தணிப்பது என்ற பொருளில் மருத்துவர்கள் வெகுகாலமாக வைத்திருந்த சொல் அது. அதன் வேர் லத்தீனில் ‘பல்லியம்’, அதாவது மேலே போர்த்திக்கொள்ளும் துணி. 1975 ஜனவரியில் ராயல் விக்டோரியாவில் அந்தப் பிரிவு தொடங்கியது. ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் கேர். பிரெஞ்சில் ‘சுவேன் பலியாதிஃப்’. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்களிலும், கேரளத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களின் வண்டிகளிலும் எழுதியிருப்பது இந்தப் பெயர்தான்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கும்போதே என் குறிப்பேட்டில் முதலில் எழுதி வைத்திருந்த கதை இது. ஒரு ஆங்கிலச் சொல் பிரெஞ்சுக்குள் போக மறுத்தது. அந்த மறுப்பு, ஆங்கிலத்துக்கே ஒரு புதுப் பெயரைத் தந்தது. அகராதியை மட்டும் பார்த்திருந்தால் ஹாஸ்பிஸுக்கு நேராக ஒஸ்பீஸ் என்று எழுதி வேலையை முடித்திருப்பார்கள். படுக்கையருகே நின்ற மருத்துவருக்கு அந்தச் சொல் நோயாளியை என்ன செய்யும் என்று தெரிந்திருந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், பிரான்சில், இது வேரூன்ற இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1986 ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 1987-இல் மொரிஸ் அபிவேன் என்ற மருத்துவர் பாரிஸில் முதல் பிரிவைத் தொடங்கினார். அந்தச் சுற்றறிக்கை சிகிச்சை என்ற சொல்லோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொண்டது: ‘அக்கோம்பாஞ்மான்’. கூடவே நடந்து வருதல். நாம் ‘வழித்துணை’ என்போமே, அது. பிரெஞ்சு தன் கையிருப்பிலிருந்து போட்ட சொல் என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மருத்துவச் சொற்களைக் கொண்டுபோவது சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். காரணம் உண்டு. ஆங்கில மருத்துவமனைச் சொற்களில் பல பிரெஞ்சு வீட்டில் பிறந்தவை. ஹாஸ்பிட்டல், சர்ஜன், நர்ஸ் எல்லாம் பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆம்புலன்ஸ் நெப்போலியன் காலத்துப் போர்க்களத்திலிருந்து வந்தது. அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் ‘ட்ரியாஜ்’ இன்றும் பிரெஞ்சு உச்சரிப்போடுதான் புழங்குகிறது. இப்படி உறவு நெருங்கியிருப்பதுதான் ஆபத்து. முகச்சாயல் ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். ஆங்கிலத்தில் ஃபிசிஷியன் மருத்துவர். பிரெஞ்சில் ‘ஃபிசிசியேன்’ இயற்பியலாளர். ஆங்கிலத்தில் இஞ்சுரி காயம். பிரெஞ்சில் ‘ஆன்ழூர்’ வசைச்சொல். ஆங்கிலத்தில் டிரக் என்பது மருந்தாகவும் இருக்கலாம். பிரெஞ்சில் ‘திரோக்’ என்றால் போதைப்பொருள்தான். இவை தொடக்கப் பாடங்கள். முதல் ஆண்டு மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

கண்டுகொள்ள முடியாதபடி ஒளிந்திருப்பவை வேறு. அவற்றில் ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1816-இல் பாரிஸின் நெக்கேர் மருத்துவமனையில் லாயென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுதான் ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. 1819-இல் அவர் எழுதிய நூலில், நுரையீரலில் காற்று சளியைத் தாண்டி வரும்போது எழும் ஓசைகளுக்கெல்லாம் ‘ரால்’ என்று பொதுப்பெயர் வைத்தார். ஆனால் பிரெஞ்சு மக்கள் பேச்சில் ரால் என்பது உயிர் பிரியும் முன் தொண்டையில் கேட்கும் சத்தம். நாம் ‘மேல்மூச்சு வாங்குது’ என்று தாழ்ந்த குரலில் சொல்வோமே, அந்த நேரத்து ஓசை. மார்பில் குழாயை வைத்துவிட்டு மருத்துவர் மாணவர்களிடம் “ரால் கேட்கிறது” என்றால், படுத்திருப்பவர் என்ன நினைப்பார்? அதனால் நோயாளியின் முன்னே ‘ரோங்கஸ்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டார் லாயென்னெக். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று ஏட்டுக்கு, ஒன்று படுக்கையருகே.

1821-இல் ஜான் ஃபோர்ப்ஸ் அந்த நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து வந்தவர்கள் கையில், ஒரே பொருளுக்கு இருந்த இரண்டு பெயர்களும் இரண்டு வெவ்வேறு ஓசைகளின் பெயர்களாகப் பிரிந்துவிட்டன. இன்று ஆங்கில மருத்துவக் குறிப்பில் ரால் என்றால் நொறுநொறுவென்று விட்டுவிட்டுக் கேட்கும் ஓசை மட்டும். ரோங்கஸ் என்றால் குறட்டை போன்ற தொடர் ஓசை. பிரெஞ்சில் ரால் இன்னும் பழைய பொதுப்பெயர்தான்: நொறுங்கும் ரால், விசிலடிக்கும் ரால், குறட்டை விடும் ரால் என்று அடைமொழி போட்டே பிரிக்கிறார்கள். ஆங்கிலக் குறிப்பில் உள்ள ராலை அடைமொழி இல்லாமல் பிரெஞ்சில் எழுதினால், நிமோனியாவா ஆஸ்துமாவா என்று பிரித்தறிய உதவும் தகவலே தொலைந்துபோகும். எழுத்தை மாற்றாததே இங்கே பிழை. ஒரு நோயாளியின் பயத்தை மதித்து ஒருவர் செய்த நல்ல காரியத்திலிருந்து இருநூறு ஆண்டுக் குழப்பம் முளைத்தது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அவர் செய்ததைத் தவறென்று சொல்லவும் மனம் வரவில்லை.

அடுத்த சிக்கல், பிரெஞ்சு ஒன்றே ஒன்று இல்லை என்பது. ‘பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தாருங்கள்’ என்று யாராவது கேட்டால், மருத்துவ மொழிபெயர்ப்பாளர் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த ஊர் மருத்துவமனைக்கு என்றுதான். நோயாளியைப் படுக்க வைத்துத் தள்ளிப்போகும் ஸ்ட்ரெச்சர் மொன்றியலில் ‘சிவியேர்’, பாரிஸில் ‘பிரான்கார்’. நாம் டிரிப்ஸ் ஏற்றுவது என்கிறோமே, அது மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் ‘சொல்யுத்தே’, பிரான்சில் ‘பெர்ஃப்யூசியோன்’. பிசியோதெரபிஸ்ட் கியூபெக்கில் கிட்டத்தட்ட அதே பெயரோடு இருக்கிறார். பிரான்சில் அவர் ‘கினேசிதெரப்பெத்’, செல்லமாகக் ‘கினே’. புகைபிடிப்பவர்களை முடக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை ஆங்கிலத்தில் சி.ஓ.பி.டி. என்கிறார்கள். பிரான்சில் அதன் சுருக்கம் பி.பி.சி.ஓ.; கியூபெக்கில் எம்.பி.ஓ.சி. இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரே நோயாளியின் தாளைப் பார்த்து ஒருவருக்கொருவர் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.

இவற்றில் மிகவும் கவனம் வேண்டியது ஐ.சி.யூ. கியூபெக்கில் அதற்கு ‘சுவேன் ஆந்தான்சிஃப்’ என்று ஆங்கிலத்துக்கு நேர்ச்சொல். பிரான்சிலோ அதை ‘ரெயானிமாசியோன்’ என்கிறார்கள். மீண்டும் உயிரூட்டுதல் என்று பொருள்படும் சொல். 2002-இல் வந்த அரசாணை அங்கே மூன்று படிகளை வகுத்தது: மேல் படியில் ரெயானிமாசியோன், அதற்குக் கீழே சுவேன் ஆந்தான்சிஃப், அதற்கும் கீழே தொடர் கண்காணிப்பு. ஆக, ஆங்கிலத்து இன்டென்சிவ் கேரை எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பாரிஸுக்கு அனுப்பினால் நோயாளி ஒரு படி கீழே இறங்கிவிடுவார். மொன்றியலில் ரெயானிமாசியோன் என்றாலோ, நின்றுபோன இதயத்தை அழுத்தி எழுப்பும் அந்தச் சில நிமிடப் போராட்டம் நினைவுக்கு வரும். கோவிட் காலத்தில் பிரான்ஸ் அரசு ரெயானிமாசியோனில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வந்தது. அதை எழுத்தளவில் மொழிபெயர்த்தால் அத்தனை பேருக்கும் மார்பை அழுத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றும். வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தவர்கள் அவர்கள்.

வேலைப் பெயர்களும் அப்படித்தான். மொன்றியலில் பதினைந்து ஆண்டுகளாக மருத்துவமனைக் கட்டில்களுக்கு நடுவே உழைக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவர் எனக்கு உண்டு. நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் வேலை. கியூபெக்கில் அந்தப் பதவிக்குப் ‘பிரெபோசே ஓ பெனெஃபிசியேர்’ என்று பெயர். பயன்பெறுவோருக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டவர் என்று விரியும். பிரான்சில் இதற்கு மிக நெருங்கிய பதவி ‘எத் சுவாஞான்’. “உங்கள் வேலையை ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?” என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். “அந்தப் பிரெஞ்சுப் பேரைத் தமிழில சொன்னா, ஏதோ பென்சன் ஒஃபீசில வேலை எண்டு நினைப்பினம். வயசு போன ஆக்களைப் பாக்கிறன் எண்டு சொன்னாத்தான் விளங்கும்” என்றார். எந்தக் கலைச்சொல் குழுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது என்று நினைக்கிறேன்.

எண்களுக்கு மொழி இல்லை என்பார்கள். மருத்துவமனையில் அதுவும் உண்மையில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்றால் நமக்குப் பக்கென்று இருக்கும். நீரிழிவின் வாசல் அது. அதே ரத்தம் பிரான்சில் லிட்டருக்கு 1,26 கிராம். கனடாவில் 7. பிரெஞ்சு முறையில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஆயிரத்து இருநூற்றைம்பது என்று 1,250 எழுதினால் பிரெஞ்சுக் கண்ணுக்கு அது ஒன்றேகால். மருந்தளவில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் நமக்கு 130-க்கு 80; பிரான்சில் மருத்துவர் வாயால் சொல்வது 13-க்கு 8.

இதுவரை சொன்னவை மொழிபெயர்ப்பின் தொல்லைகள். மொழிபெயர்ப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எபினால் இருக்கிறது.

கிழக்குப் பிரான்சில், வோழ் மலைப்பக்கத்துச் சிறு நகரம் அது. அங்குள்ள மருத்துவமனையில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தார்கள். கதிர்க்கற்றையின் ஒரு பக்கத்தை மென்மையாக்க, ஆப்பு வடிவ உலோகத் தகட்டைக் குறுக்கே வைப்பது பழைய முறை. தகடு கொஞ்சம் கதிரைக் குடித்துவிடும். அதற்கு ஈடாகக் கூடுதல் கதிரைக் கணக்கிட்டுச் செலுத்துவார்கள். 2004 மே மாதம் புதிய முறைக்கு மாறினார்கள். இதில் தகடே கிடையாது. இயந்திரத்தின் தடுப்பு தானே நகர்ந்து அதே விளைவைத் தரும். கணக்குப் போடும் மென்பொருளில் எந்த முறை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். திரை முழுக்க ஆங்கிலம். அன்றாட வேலைக்கு ஏற்ற பிரெஞ்சுக் கையேடு கிடையாது. பயிற்சி பெற்றவர்களும் மிகச் சிலர். பல நோயாளிகளுக்குத் தகடு இருப்பதாகக் கணக்கிட்டு, தகடு இல்லாமல் கதிரைச் செலுத்திவிட்டார்கள்.

2005 ஆகஸ்ட் வரை இப்படியே நடந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள், பெற வேண்டியதைவிட ஏறத்தாழ 20 சதவீதமும் அதற்கு மேலும் கதிரைப் பெற்றிருந்தார்கள். குடலும் சிறுநீர்ப்பையும் வெந்துபோயின. சிலர் இறந்தார்கள். அரசின் விசாரணை அறிக்கை 2007-இல் வந்தது. 2013-இல் இரு மருத்துவர்களுக்கும் ஒரு கதிரியக்க இயற்பியலாளருக்கும் பாரிஸ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. மொழி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அளவைத் தனியாகச் சரிபார்க்கும் பழக்கம் விடுபட்டிருந்தது. தெரிந்த பிறகும் நோயாளிகளிடம் சொல்லத் தாமதித்தார்கள். ஆனால் அந்தக் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி, திரையில் இருந்த அந்நிய மொழி. பொருள்களின் பயன்பாட்டுக் குறிப்புகள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று சொல்லும் துபோன் சட்டம் 1994 ஆகஸ்ட் 4-இலேயே வந்துவிட்டது. பத்தாண்டு கழித்தும் அந்த அறைக்குள் அது நுழைந்திருக்கவில்லை. கலைச்சொல் வேலையை மொழிப்பற்றாளர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லும்போது எனக்கு எபினால் நினைவுக்கு வரும், கோபமும் வரும்.

கனடாவில், தங்கள் மொழியில் சிகிச்சை வேண்டும் என்று தெருவில் இறங்கிப் போராடியவர்களும் உண்டு. ஒட்டாவா நகரத்து மோன்ஃபோர் மருத்துவமனை, ஆங்கிலம் ஆளும் ஒன்டாரியோ மாகாணத்தில் பிரெஞ்சில் மருத்துவப் பயிற்சி தரும் ஒரே மருத்துவமனை. 1997 பிப்ரவரியில் அதை மூடச் சொல்லி மாகாணத்தின் சீரமைப்பு ஆணையம் அறிவித்தது. அடுத்த மாதமே, மார்ச் 22 அன்று, பத்தாயிரம் பேர் திரண்டார்கள். ழிசேல் லலோந்த் என்ற முன்னாள் நகர மேயர் முன்னின்றார். வழக்கு 2001 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மருத்துவமனையின் பக்கம் தீர்ந்தது. மோன்ஃபோர் இன்றும் இயங்குகிறது. ஆங்கிலமும் தெரிந்த மக்கள் இதற்காக ஏன் இவ்வளவு போராட வேண்டும் என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது நமக்கு இரண்டு மூன்று மொழிகள் தெரியும். நடுராத்திரி வலியில் ஒன்றுதான் தெரியும்.

வலி என்றதும் மீண்டும் மொன்றியலுக்கே போக வேண்டும். மவுண்ட் தன் பிரிவைத் தொடங்கிய அதே 1975-இல், அந்த மருத்துவமனை சார்ந்த மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் என்ற உளவியலாளர் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். வலியைச் சொல்ல ஆங்கிலத்தில் உள்ள 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து வைத்து, உங்கள் வலி இதில் எது என்று நோயாளியைக் கேட்கும் தாள். அடுத்த ஆண்டு அவரும் மவுண்டும் சேர்ந்து புற்றுநோய் வலி பற்றிய ஆய்வும் எழுதினார்கள். வலிக்கு எண் போடும் பழக்கம் பரவிய உலகில், சொல்லைக் கேட்டு வாங்கிய அந்தத் தாள் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோவது எப்படி? சொல்லுக்குச் சொல் மாற்றினால் எந்தப் பிரெஞ்சு நோயாளியும் வாயில் வைக்காத சொற்கள் நிறைந்துவிடும். பாரிஸின் சேன் அந்துவான் மருத்துவமனையில் பிரான்சுவா பூரோவும் தோழர்களும் 1984-இல் வேறு வழி எடுத்தார்கள். மெல்ஸாக்கின் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்கள் வலிக்குச் சொல்லும் சொற்களைத் திரட்டினார்கள். 58 சொற்கள், 16 குழுக்கள். குத்துவாளால் குத்துவது போல, சுத்தியலால் அடிப்பது போல, பட்டறை வைஸில் வைத்து நெரிப்பது போல. தச்சரும் கொல்லரும் சமையல்காரரும் பேசும் மொழி அது. ஆங்கிலத் தாளுக்கும் இதற்கும் எண்ணிக்கை பொருந்தாது, வரிசை பொருந்தாது. நான் பார்த்தவரையில் மருத்துவத்தில் நடந்த மிக நேர்மையான மொழிபெயர்ப்பு இதுதான்.

அந்தப் பட்டியலில் ‘ஃபுர்மியமான்’ என்று ஒரு சொல் உண்டு. கைகால் மரத்துப்போய் உள்ளே குறுகுறுப்பது. ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் அதற்குக் குண்டூசியும் ஊசியும் என்பார்கள். பிரெஞ்சுச் சொல்லின் உள்ளே இருப்பது ‘ஃபுர்மி’, எறும்பு.

இதை எழுதுவதற்கு முன் தோழியிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். சிரித்தார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போன கதை நினைவுக்கு வந்துவிட்டது அவருக்கு. அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. “கால் விறைச்சு எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு பிள்ளை” என்றிருக்கிறார். நரம்புக்கு என்ன சொல், மரப்புக்கு என்ன சொல் என்று யோசித்துப் பார்த்த தோழிக்கு ஒன்றும் வரவில்லை.

“பிறகென்ன, எறும்பு எண்டே சொல்லிப்போட்டன்” என்றார். “டொக்டர் நிமிர்ந்துகூடப் பாக்கேல்ல. அப்படியே எழுதிக்கொண்டு, எந்தக் கால் எண்டு கேட்டார்.”

(தொடரும்)